கைப்பிடி அரிசி: ஆச்சியோடு தேரிக்காட்டில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்: எழும்பூர்

போர்ட்டர் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அரிசியா? திருநெல்வேலிப் பக்கமா கொண்டு போறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாமிரபரணி பாய்கிற சீமைக்குச் சென்னையிலிருந்து அரிசி கொண்டு போகிற குடும்பம் எங்களைத் தவிர வேறு இருக்காது. அதுவும் வண்டு விழுந்த அரிசி, 14 கிலோ.

மூட்டைக்குச் சொந்தக்காரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஓர் ஓலைப்பெட்டியை அணைத்துக்கொண்டு, “பைய வைங்க தம்பி, காணிக்கை” என்றாள். என் ஆச்சி. அம்மாவைப் பெற்றவள். வயது 94.

கைப்பிடி அரிசி என்றால் தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, தனியாக ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்லுவோம்.) கூலியாகக் காசு வாங்கிய ஆண்கள் காசு போட்டார்கள். காசைக் கையில் பார்க்காத பெண்களுக்குத் தன் கையால் கொடுக்க இருந்தது அடுப்படி அரிசி ஒன்றுதான்.

ஆச்சி அடுப்படிக்குப் போவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. இடுப்பு எலும்பு முறிந்தபோது நின்றது. அன்றிலிருந்து அவள் பேரில் பிடி அரிசி எடுத்து வைப்பது அத்தை, அதாவது மாமாவின் மனைவி. அத்தை ஞானஸ்நானம் வாங்கினவர் இல்லை. நெற்றியில் பொட்டு, அலமாரியில் முருகன் படம். குளித்துவிட்டு வந்து முருகனுக்கு விளக்கேற்றி, அப்புறம் குக்கரில் அரிசி போடும் முன் ஆச்சியின் பெட்டியில் ஒரு பிடி. ஒரு பிடி என்பது அத்தையின் கைக்கு 40 கிராம். நான் சமையலறைத் தராசில் நிறுத்தே பார்த்தேன். வருஷத்துக்கு 14 கிலோ சொச்சம்.

நாங்கள் சென்னையில் போகிற கோயிலில் இந்த அரிசியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. “எதுக்குச் சிரமம், ஜிபே பண்ணிருங்களேன்” என்றார் ஒருவர். ஆச்சிக்குக் காது மந்தம் என்றாலும் அது மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது. போன வருஷம் வரை ஊருக்குப் போகிற சொந்தக்காரர்களிடம் கொடுத்தனுப்பினோம். இந்த வருஷம், “என்னையும் சேத்துக் கொண்டு போங்க” என்றாள். டாக்டர் யோசித்தார், மாமா யோசித்தார், ஆச்சி யோசிக்கவில்லை.

செந்தூர் எக்ஸ்பிரஸ் கிளம்பும் முன் ஆச்சி ஜெபம் பண்ணினாள். மனசுக்குள் பண்ணுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள், வண்டி ஓட்டுகிறவர், தண்டவாளம் எல்லாம் பேர் சொல்லி வந்தன. எதிர் இருக்கையில் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஆச்சி “ஆமென்” சொன்ன அதே நேரத்தில் அவர் “ஆமீன்” என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு நிற்கவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி: நாசரேத்

விடிகாலையில் ஸ்ரீவைகுண்டம் வந்தபோது காயல்பட்டினத்துப் பெரியவர் ஜன்னலைக் காட்டி, “இங்கதான்” என்றார். 2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி, சென்னைக்குப் புறப்பட்ட இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் இந்த ஸ்டேஷனில்தான் மாட்டிக்கொண்டது. ஏறக்குறைய 800 பயணிகள். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. அவர் ஊரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. “வருஷம் முழுக்கப் பெய்யறது ஒரு ராவுல பெஞ்சிடிச்சிம்மா” என்றார். ஆச்சி 1992 வெள்ளத்தை எடுத்தாள். இரண்டு பேரும் வெள்ளத்துக்கு வெள்ளம் போட்டிபோட்டுக்கொண்டிருக்கும்போதே நாசரேத் வந்துவிட்டது. சாமான்களை இறக்கும் அவசரத்தில் அவருக்கு ஒழுங்காகப் போய்வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

நாசரேத்தின் பழைய பெயர் சாண்பத்து. இப்போதைய நாசரேத்தை உண்டாக்கியவர் என்று ஊரே சொல்லும் பெயர் மார்காஷியஸ் ஐயர். குருவானவரை ஐயர் என்பது எங்கள் வழக்கம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். அவர் 1876ல் வந்தார். வந்த கையோடு தாது வருஷப் பஞ்சம். அனாதையாக நின்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்து, அவர்களுக்குத் தொழில் வேண்டும் என்று 1878ல் தொழிற்பள்ளி ஆரம்பித்தார். தச்சு, தையல், நெசவு. 1908ல் சாகும்வரை இங்கேதான் இருந்தார்.

ஆச்சி இங்கே போர்டிங்கில் சேர்ந்தது 1941ல், பத்து வயதில். முதலூரிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். அழுதாயா என்று கேட்டேன். “அழுவதுக்கு நேரம் எங்க இருந்துச்சு? மணி அடிச்சிருவாவ” என்றாள். எழுந்திரிக்க மணி, ஜெபத்துக்கு மணி, கூழுக்கு மணி, படுக்க மணி. இன்றைக்கும் ஆச்சி கடிகாரம் பார்க்க மாட்டாள். தாம்பரத்தில் ரயில் போகிற சத்தத்தை வைத்து நேரம் சொல்லுவாள்.

போர்டிங்கில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டாள். குரோஷா ஊசி வேலை இல்லை இது. உருளையான திண்டு ஒன்றின் மேல் மாதிரிப் படம் வரைந்த அட்டையைக் குத்திவைத்து, குண்டூசிகளை வரிசையாக நட்டு, விரல் நீளத்து மரக்கட்டைகளில் சுற்றிய நூலை இடம் மாற்றி மாற்றிப் போடுவது. வலது கட்டை இடது மேல், இடது கட்டை வலது மேல். நாற்பது ஐம்பது கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். நான் சின்னவளாக இருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன், கிளிக் கிளிக் என்று, மழை ஆரம்பிக்கிற மாதிரி. இன்றைக்குக் கோயிலில் நற்கருணை மேசை விரிப்பைப் பார்த்ததும் ஆச்சி முதலில் விரலால் தடவிப் பார்த்தது அதன் ஓரத்தைத்தான். “மிசின்” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

1947 பற்றிக் கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்வி, ஆகஸ்ட் 15. ஆச்சிக்கு அந்த வருஷத்தில் இரண்டு தேதி: ஆகஸ்ட் 15, செப்டம்பர் 27. இரண்டாவது, சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உண்டான நாள். அதற்கு முன் மிஷன் சங்கங்களுக்கு எஸ்.பி.ஜி. என்றும் சி.எம்.எஸ். என்றும் லண்டன் மிஷன் என்றும் ஆளாளுக்கு ஒரு பெயர். ஒன்றான பிறகு என்ன மாறியது என்று கேட்டால், “ஒண்ணும் மாறல. அதே பாட்டு, அதே ராகம், அதே கூழு” என்கிறாள். சரித்திரம் படித்தவர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள்.

மூன்றாம் நாள், சனி: மெஞ்ஞானபுரம், தேரி, முதலூர்

காலையில் கார். டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஆச்சி முன்சீட்டில். வழியெல்லாம் அவனுக்கு அவள்தான் கூகுள் மேப். என்ன, எழுபது வருஷத்துக்கு முந்தைய மேப்.

மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி. பனைமரங்களுக்கு மேலே அது தெரிய ஆரம்பித்ததும் ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஜான் தாமஸ் ஐயர் 1837ல் இங்கே வந்தபோது இது முள்ளும் மணலுமான காடு. 1847ல் கோயில் திறந்தது, கோபுரம் முடிய 1868 ஆனது. கட்டி முடித்த இரண்டே வருஷத்தில், 1870ல், அவர் காலமானார். ஆச்சிக்கு இந்த வருஷமெல்லாம் தேவையில்லை. அவளுக்கு அந்தக் கோபுரம் வழிகாட்டி. உபாத்திமைப் பயிற்சி முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த புதிதில், தேரிக்குள் இருந்த ஓராசிரியர் பள்ளிக்கு நடந்து போவாள். திசை தப்பினால் நின்று கோபுரத்தைத் தேடுவாள்.

தேரியைப் பார்த்திராதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? சிவப்பு மணல். செங்கல் சிவப்பு இல்லை, இன்னும் அடர்த்தி. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த நிறத்தை எதிர்பார்க்கவே மாட்டோம். காற்றுக் காலத்தில் மேடு இடம் மாறும். குதிரைமொழித் தேரி ஓரமாகக் காரை நிறுத்தச் சொன்னாள். மணி பதினொன்று இருக்கும், மே மாத வெயில். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தேன். மூன்று விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

“செருப்பு இல்லாம எப்பிடி ஆச்சி நடந்த?”

“ஓலை” என்றாள்.

கையில் இரண்டு பனை ஓலை. ஓடுகிற வரைக்கும் ஓடுவது. கால் பொறுக்காதபோது ஒன்றைக் கீழே போட்டு அதன் மேல் ஏறி நிற்பது. சூடு ஆறியதும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுவது, மறுபடி அடுத்த ஓலை. அவள் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் தேரியைத் தாண்டினவர்கள் எல்லாரும் அப்படித்தான். புடவை, கக்கத்தில் வருகைப் பதிவேடு, கையில் இரண்டு ஓலை. இருபது வயது டீச்சர் சிவப்பு மணலில் குதித்துக் குதித்துப் போவதை நினைத்து டிரைவர் தம்பி சிரித்தான். ஆச்சியும் சிரித்தாள். “ரெண்டு ஓலை மேல நிக்கும்போதுல்லாம் ஒரு சங்கீதம் சொல்லுவேன். அது முடிஞ்சா காலு ஆறியிருக்கும்.” எந்தச் சங்கீதம் என்று கேட்டேன். பைபிளில் வருகிற 121ஆம் சங்கீதமாம். மலைகளைப் பார்த்து ஒத்தாசை கேட்கிற சங்கீதம் அது. சுற்றிப் பத்து மைலுக்கு மலை கிடையாது. சொன்னேன். “அதான் கோவுரம் இருக்கே” என்றாள்.

பக்கத்தில் ஒரு விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையில், வேலை நடந்துகொண்டிருந்தது. சீசன் முடிகிற சமயம். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால்தான் பதநீர், இல்லையென்றால் கள். இந்த ஒரு தடவலில்தான் எங்கள் ஊர்ப் போதகர்கள் நூற்றைம்பது வருஷம் பிரசங்கம் பண்ணியிருக்கிறார்கள். அகலமான வட்டையில் கொதித்து, நுரை தள்ளி, கம்பிப் பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். வேகவைத்துக்கொண்டிருந்த அம்மா, காருக்குள் எட்டிப் பார்த்து, “டீச்சரம்மாவா?” என்று கேட்டார். அவருடைய அம்மை ஆச்சியிடம் படித்தவராம். ஓலைப் பட்டையில் பதநீர் வந்தது. டாக்டர் சர்க்கரை பற்றிச் சொன்னதை எல்லாரும் சேர்ந்து மறந்தோம்.

வெள்ளாளன்விளைக்குப் போகிற வழி என்று ஆச்சி ஒரு பலகையைக் காட்டினாள். 1912ல் தோர்ணக்கலுக்கு பிஷப் ஆன அசரியா பிறந்த ஊர். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்ப 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினதிலும் அவருக்குப் பங்கு உண்டு. “அதுக்கெல்லாம் எங்க பாட்டிமார் பிடி அரிசிதான் சோறு போட்டுது” என்று ஆச்சி அடித்துச் சொன்னாள். இதை மறுக்கிற துணிச்சல் காரில் யாருக்கும் இல்லை.

மத்தியானம் முதலூர். 1799ல், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியில், மதம் மாறியதால் விரட்டப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கிய குடியிருப்பு. இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர், அதனால் பெயரும் முதலூர். ஆச்சி பிறந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். ஆச்சி அதை அரை நிமிஷம்தான் பார்த்தாள். அல்வாக் கடை எங்கே என்று கேட்டாள். தேங்காய்ப்பாலில் கிண்டுகிற மஸ்கோத் அல்வாவுக்கு இந்த ஊர் பேர் போனது. வாழையிலையில் மடித்த துண்டு, வெதுவெதுப்பாக, நெய் இல்லாமலே எண்ணெய் கசிந்துகொண்டு. பிறந்த வீட்டுக்கு அரை நிமிஷம், அல்வாவுக்கு இருபது நிமிஷம்.

இடையன்குடிக்குப் போகிற வழியில் ஆச்சி தூங்கிப்போனாள். அப்போதுதான் அத்தையிடம் அந்தப் பழைய கதையைக் கேட்டேன். 1984ல் மாமா அத்தையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது ஆச்சி வரவில்லை. மூன்று வருஷம் ஒரு கடிதம் இல்லை. எங்கள் வீட்டில் அவர்கள் பெயரையே சொல்ல மாட்டார்கள். ஆச்சியின் பக்தியைப் பற்றி மெச்சிப் பேசுகிறவர்கள் இந்த மூன்று வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள், கையில் ஓலை இருப்பது போல. எனக்கு அது பக்தியாகத் தெரியவில்லை. சுத்தப் பிடிவாதம்.

1987ல் குழந்தை பிறந்தது. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் ஆச்சி நிற்கிறாள். தனியாக, பதிவு செய்யாத பெட்டியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்திருக்கிறாள். கையில் சுக்கு, கருப்பட்டி, இந்த ஓலைப்பெட்டி.

“மன்னிப்பு ஏதாவது கேட்டாளா?”

மன்னார்குடிக்காரரான அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “வந்து நின்னாங்க. அடுப்படி எங்கன்னு கேட்டாங்க. கஷாயம் போட்டாங்க. நாப்பது நாள் இருந்தாங்க. அவ்வளவுதான். நானும் கேக்கல, அவங்களும் சொல்லல.”

முன்சீட்டில் குறட்டைச் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தாளோ என்னவோ.

நான்காம் நாள், ஞாயிறு: இடையன்குடி

கணக்குப் போட்டால், ஆச்சி பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள் அடக்கம். அதற்குள்ளும் கோடு விழுந்துவிட்டது. 1986ல் மாவட்டம் பிரிந்தது, 2003ல் திருமண்டலமும், அதாவது பிஷப்பின் எல்லையும், பிரிந்தது. பிறந்த ஊர் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலத்தில், புகுந்த ஊரான இடையன்குடி திருநெல்வேலித் திருமண்டலத்தில். ஆச்சிக்கு இதெல்லாம் கமிட்டிக்காரர்கள் பாடு.

இடையன்குடி என்றால் கால்டுவெல். திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர் என்று நமக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். ஆச்சிக்கு அவர் கால்டுவெல் ஐயர், தெருக்களை நூல் பிடித்த மாதிரி நேராகப் போட்டவர், அவ்வளவுதான். சென்னைக்கு வந்த புதிதில் மெரினாவில் அவர் சிலையைக் காட்டியபோது, “நம்ம ஐயரு ஏன் இந்த வெயில்ல நிக்காவ?” என்றுதான் கேட்டாள். அவர் இங்கே வந்தது 1841ல். 1847ல் ஆரம்பித்த கோயில் கட்டி முடிய 33 வருஷம் பிடித்தது. 1880 ஜூலை 6ஆம் தேதி பிரதிஷ்டை. 1891ல் கொடைக்கானலில் காலமானவரை இங்கே கொண்டுவந்து, அந்தக் கோயிலுக்குள்ளேயே, பீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனரி வீட்டுப் பெண். 1844ல் கல்யாணம் முடித்து வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் வேலையும் இங்கே கொண்டுவந்தவர் அவர். எனக்கென்னவோ ஐயரைவிட எலைசாம்மாதான் இந்த ஊர் வீடுகளுக்குள் அதிக தூரம் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போதே ஆச்சி கோயிலில் இருந்தாள். வெள்ளைப் புடவை, முக்காடு, கையில் பாட்டுப் புத்தகம்; புத்தகம் சும்மாதான், எல்லாம் மனப்பாடம். பாடும்போது எல்லாரையும்விட அரைத் தாளம் பின்னால் வருவாள். முதல் சரணத்தில் ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது சரணத்தில் அவரே வேகத்தைக் குறைத்துவிட்டார். மூன்றாவதில் சபை முழுக்க ஆச்சியின் வேகத்துக்கு வந்துவிட்டது. ஆராதனை வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் கூடப் போயிருக்கும். ஐயரே இறங்கி வந்து அவளுக்கு நற்கருணை கொடுத்தார்.

அப்புறம் ஏலம். காணிக்கையாக வந்த பொருளைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், நுங்குக் குலை, காலைக் கட்டிப் போட்ட ஒரு சேவல். இதில் கடை விலை பேசக் கூடாது. தேங்காய் 200 ரூபாய்க்குப் போனது. முருங்கைக்காய்க்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் போட்டிபோட்டு 450 வரை ஏற்றினார்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் மரம் இருக்கிறது என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அரிசி மூட்டை வந்தது. மேலே ஓலைப்பெட்டி. கடைசி வாரத்து அரிசி அதில் இருந்ததால் அப்படியே வைத்திருந்தோம். ஏலம் விடுகிறவர், “டீச்சரம்மா கைப்பிடி அரிசி, மெட்ராசிலேருந்து ரயிலேறி வந்த அரிசி” என்று ஆரம்பித்தார். நூறு, இருநூறு, ஐநூறு. மாமா கை தூக்கிக்கொண்டே இருந்தார். எண்ணூறில் அவருக்கு ஆபீஸிலிருந்து போன். எடுத்துக்கொண்டு நகர்ந்தார். “ஆயிரத்து நூறு ஒருதரம், ரெண்டு தரம், மூணு தரம்.” பின்னாலிருந்து யாரோ வாங்கிவிட்டார்கள். டி.வி.எஸ். ஃபிப்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனதை நான்தான் பார்த்தேன். நல்ல விலை என்று கைதட்டினேன் வேறு.

“எவ்வளவுக்குப் போச்சு?” என்றாள் ஆச்சி.

சொன்னேன்.

“வண்டு அரிசிக்கு அது ஜாஸ்தி” என்றாள். மடியைத் தடவினாள். சக்கர நாற்காலியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “பெட்டிய எங்கட்டி?”

ஏலத்தில் பெட்டியும் சேர்ந்து போய்விட்டது. பனை ஓலையில் முடைந்து, விளிம்பில் நார் கட்டிய பெட்டி. ஆச்சியின் மாமியார் 1951ல் அவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்குக் கையில் கொடுத்தது. ஒரு மூலையில் எலி கடித்த இடத்தை மாமா நீல நிறப் பிளாஸ்டிக் ஒயரால் பின்னியிருப்பார். அதை ஏலக் கணக்கில் எழுதினவர் ‘அரிசி + பெட்டி’ என்றே எழுதியிருக்கிறார். வாங்கினவர் பேர் எழுதவில்லை. காசை ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். மத்தியானம் முழுக்க மாமாவும் கோயில்பிள்ளையும் (கோயில் பணியாளர்) தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு அலைந்தார்கள். ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி ஜெபத்தில் எல்லார் பேரும் வந்தது, மாமா பேர் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்: கல்லறைத் தோட்டம்

காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மணலில் நாற்காலி உருளாது. மாமாவும் டிரைவர் தம்பியும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தாத்தா 1978ல் போனார். அவருக்குப் பக்கத்தில் செங்கல் வரம்பு கட்டி ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது ஆச்சிக்கு. அவளே பணம் கட்டி, அவளே கொத்தனாரை வைத்து அளந்து கட்டினது. அதற்குள் எருக்கு முளைத்திருந்தது. ஆச்சி அதை வீட்டுக் கொல்லையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “வெட்டிவிடச் சொல்லுல. வேரோட” என்றாள் மாமாவிடம். அப்புறம், “வரம்பு மேக்கால சாஞ்சிருக்கு.”

அடுத்த வரிசையில் என் அம்மா. 2009. புற்றுநோய், 52 வயது. அடக்க ஆராதனையில் ஆச்சி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாப் பாட்டையும் நின்றுகொண்டே பாடினாள். அம்மா நல்ல இடத்துக்குப் போய்விட்டாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஆறுதல் சொன்னாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. பதினாறு வருஷம் ஆகிறது.

“நீங்கள்லாம் அங்கிட்டு நில்லுங்க” என்றாள். நாங்கள் வேப்பமரத்தடிக்கு வந்தோம். காற்று எங்கள் பக்கமாக வீசியது. ஜெபம் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் கட்டி என்று தெரிந்தும் எட்டு மாசம் சொல்லாமல் இருந்ததற்கு. “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? ஏட்டி? சொல்லியிருக்கலாம்லா?” என்று திரும்பத் திரும்ப. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி கையை ஆட்டி எங்களைக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெயில் ஏறுகிறது, போகலாம் என்றாள்.

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஃபிப்டி சத்தம் கேட்டது. அறுபது வயதுக்காரர் ஒருவர், கழுத்தில் துண்டு. கையில் அதே பெட்டி, நீல ஒயரோடு.

“தோத்திரம் டீச்சரம்மா. பெட்டியத் தேடுதியன்னு இப்பத்தான் சொன்னாவ. தோட்டத்துல இருந்துட்டேன்.” பக்கத்து ஊர்க்காரராம். கோழி வளர்க்கிறார். அரிசி கோழிக்குத்தான் என்று சொல்லும்போது கொஞ்சம் தயங்கினார். ஆச்சி கவலைப்படவில்லை, கோழிக்கும் வயிறு இருக்கிறதே என்றாள். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

பெட்டி வெறுமனே வரவில்லை. யாருடைய பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. உள்ளே, ஓலையில் சுற்றி, நாலு கருப்பட்டி. அடியில் மூலையில் பத்துப் பதினைந்து அரிசியும் ஒட்டிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு வண்டு.

ஆச்சி ஒரு கருப்பட்டியை எடுத்து மூக்கருகில் வைத்தாள். ஓரத்தில் ஒரு துண்டு பெயர்த்து நாக்கில் போட்டுக் கண்ணை மூடினாள். நாங்கள் காத்திருந்தோம்.

“சீனி கலப்பு” என்றாள். கருப்பட்டியை அத்தையிடம் நீட்டினாள். பெட்டியைக் கொடுக்கவில்லை.